ஊளையை அடக்கத் தெரிந்தவள்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போடக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. லைப்சிக் நகரத்துக்கு வந்து சேர்ந்த மூன்றாவது ஞாயிறு. தேங்காய்ச் சட்னி அரைத்துத் தாளித்துக் கொட்டி, இரண்டாவது தோசையை ஊற்றிக்கொண்டிருந்தபோது கதவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதம் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. மணிமணியான கையெழுத்து. "மதிப்பிற்குரிய திருமதி ஏழுமலை அவர்களுக்கு, இன்று காலை ஒன்பது பத்திலிருந்து ஒன்பது பன்னிரண்டு வரை உங்கள் வீட்டிலிருந்து இயந்திர ஓசை கேட்டது. ஞாயிறு அமைதி நாள். நட்புடன், யோஹென், கீழ்வீடு." ஏழுமலை என் நைனா. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் நிற்கும் அவர் பெயரைத்தான் இந்த ஊரில் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு தபால்பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். ஆக, செஞ்சியில் மைக்செட் கடை வைத்திருக்கும் மனிதரின் பெயரில், இரண்டு நிமிஷம் சத்தம் போட்டதற்கு லைப்சிக்கில் புகார் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் சரவணன் செல்போனில் மொழிபெயர்த்துப் படித்து முடித்ததும் நான் சிரித்த சிரிப்புக்கே தனியாக இன்னொரு கடிதம் வந்திருக்கவேண்டும்.

சிரிக்காமல் என்ன செய்வது? திருவண்ணாமலை ரோட்டில் கடையும் வீடும் ஒன்றாக இருந்த இடத்தில் நான் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஒன்று கரண்ட் போயிருக்கவேண்டும், இல்லை நைனாவுக்கு யார் மேலோ கோபம் வந்திருக்கவேண்டும். ஸ்பீக்கருக்குக் கம்பிச்சுருள் சுற்றுவேன், ஒயர் ஒட்டுவேன், குழாய் ஸ்பீக்கருக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பேன். பத்தாவது படிக்கும்போதே பழுதான ஆம்ப்ளிபயரைத் திறந்து மூடத் தெரியும். கடையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: மைக் ஊளையிடக்கூடாது. தான் போட்ட சத்தம் ஸ்பீக்கர் வழியாகத் தன் வாயிலேயே திரும்ப விழுந்தால் மைக் 'கீ...' என்று கத்துமே, அதுதான். ஒரு விசேஷத்தில் ஒருதரம் அப்படிக் கத்திவிட்டால் அடுத்த வருஷம் அந்த ஊர் வேறு கடைக்குப் போய்விடும். செஞ்சியில் கூடுதல் தொல்லையாக மலை வேறு. ராஜகிரியைப் பார்த்துக் குழாயைத் திருப்பிக் கட்டினால் பாறை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். அமைச்சர் கூட்டத்துக்கு வந்த வெளியூர் மைக்செட்காரர்கள் இது தெரியாமல் மாட்டிக்கொண்டு முழித்ததை நைனா பஜார் டீக்கடையில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு ஊளை வருவது முன்கூட்டியே தெரியும். பேசுகிறவர் குரலின் வால் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். மற்றவர்கள் காதைப் பொத்துவதற்குள் என் கை வால்யூம் குமிழைத் தேடும். ஆனால் குமிழ் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததே இல்லை. விசேஷங்களில் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்தவன் என் தம்பி முருகன். அவனுக்குக் காது இரண்டும் அழகுக்கு வைத்தது. அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். நைனா ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பொம்பளப் புள்ள ஆம்பளைங்க நடுவுல ஆம்ப்ளிபயர் ஆண்ட குந்திக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்? போயி பந்தில பரிமாறு போ." பரிமாறினேன். சாம்பார் வாளியும் கையுமாக நின்று, குரலின் வால் நீளும்போதெல்லாம் இடது கையை மெல்லக் கீழே இறக்குவேன். பந்தலின் அந்தக் கோடியிலிருந்து முருகன் அதைப் பார்த்து வால்யூமைக் குறைப்பான். "ஏழுமலை பையன் கில்லாடி, அவன் உக்காந்தா மைக் கத்தவே கத்தாது" என்று ஊரே பேசிக்கொண்டது. கல்யாணமாகி விமானம் ஏறுகிற வரைக்கும் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம்கூட நான் உட்கார்ந்ததில்லை. நகை வேண்டாம், நிலம் வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண்ணை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சரி, யோஹெனுக்கு வருவோம். மிக்ஸிக்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரியாமல், குற்றம் செய்த சட்னியையே ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அறுபதைத் தாண்டிய ஆள். டிராம் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நரைத்த முடியைக் குதிரைவாலாகக் கட்டியிருந்தார். சட்னியை ஸ்பூனால் அப்படியே சாப்பிட்டு, "இது சூப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஜெர்மனுக்கு அதுதான் சௌகரியமான பதில். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு நோட்டீஸ் கொடுத்தார். ஊதா, ஆரஞ்சு, பச்சை. எழுத்தெல்லாம் வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் விலகி விழுந்திருந்தது. எங்கள் ஊர் பிளக்ஸ் கடைக்காரன் இப்படி அடித்துக் கொடுத்திருந்தால் கடை ஷட்டரைத் திறந்திருக்க முடியாது. எனக்கு உண்மையிலேயே பாவமாகப் போய்விட்டது. "அச்சகத்தில் உங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்று கவனமாக வாக்கியம் அமைத்துச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய், "மூன்று நாள் வேலை! நானே கையால் அச்சடித்தேன்" என்றார். அவரும் ஒரு குழுவும் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்கிறார்களாம். சைக்கடெலிக் ராக் என்று ஏதோ பெயர் சொன்னார். அவசியம் வரவேண்டுமாம். இரண்டு நிமிஷ மிக்ஸியைத் தாங்காத மனுஷன் என்ன வாசித்துவிடப் போகிறார், புல்லாங்குழலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனோம்.

பழைய நூற்பாலை ஒன்றின் நிலவறை. அண்டர்கிரவுண்ட், தலைமறைவுக் கலை என்று அவர்கள் சொன்னது தத்துவமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே பூமிக்கு அடியில் பதினெட்டுப் படி இறங்கவேண்டியிருந்தது. சுவர் முழுக்கப் பல் டாக்டர் எடுக்கும் அச்சுகள், யார் யாருடைய பல்வரிசையோ, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சின்ன பல்பு. ஒரு மூலையில் சைக்கிள் சக்கரம். சுற்றினால் ஆரக்கால்களில் ஸ்பூன் பட்டு ஒரு பிஸ்கட் டின்னைத் தட்டும். அதன் முன்னால் நல்ல உடுப்பு போட்ட நாலைந்து பேர் கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் பள்ளிக்கூடத்து புரொஜெக்டர் மேல் கண்ணாடித் தட்டை வைத்து, தண்ணீரில் வண்ண எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சுவரில் அது ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் பெரிது பெரிதாக விரிந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்தது. கிண்டல் பண்ணத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐயோ, அது அவ்வளவு அழகாக இருந்தது. தினம் ரசம் வைக்கிறவள், ஒரு நாளாவது அதைக் குனிந்து பார்த்திருக்கிறேனா?

பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று நான் இப்போது சொல்கிறேன். அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இருபது நிமிஷம் கழித்து சரவணன் என் காதில், "டெஸ்டிங் முடிஞ்சுதா? எப்ப ஆரம்பிப்பாங்க?" என்றார். பேசாமல் இரு என்று கிள்ளினேன். ஏனென்றால் எனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. அம்மன் வர்ணிப்பில் உடுக்கை ஒரே தாளத்தில் போய்க்கொண்டே இருக்கும்போது ஒரு கட்டத்தில் கேட்பவருக்குக் கால் தரையில் நிற்காதே, அதில் பாதி. அந்த நேரம் பார்த்து யோஹென் கிட்டாரைத் தன் ஆம்ப்ளிபயருக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, ஒட்டி நின்றார். ஒலியின் வால் நீண்டது. போச்சு, மனுஷன் கவனிக்கவில்லை, ஊளையிடப் போகிறது, இவ்வளவு பேர் முன்னால் மானம் போகப் போகிறது! அடுத்த நொடி ஊளை எழுந்தது. நான் எப்போது ஓடினேன், எப்படி அந்தக் கேபிள்களைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. இருட்டில் குமிழைப் பிடித்துத் திருகினேன். கப்பென்று எல்லாம் அடங்கியது.

நிலவறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் எண்ணெய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் பெருமையோடு, என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்: "கத்தியது. நான் சரிசெய்துவிட்டேன்." யாரும் சிரிக்கவில்லை. யோஹென் கிட்டாரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். புரொஜெக்டர் பெண்தான் கடைசியில் எனக்கு விளக்கினாள். அந்த அரைமணி நேரமும் அந்த ஊளைக்காகத்தானாம். அதை மெல்ல எழுப்பி, வளர்த்து, சுற்றிச் சுற்றி நிறுத்திவைத்து, பிறகு அதுவாக அடங்கும்வரை எல்லோரும் காத்திருப்பார்களாம். பாட்டே அதுதானாம். சரவணனைத் தேடினேன். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, இந்தப் பெண்மணியை முன்பின் பார்த்ததில்லை என்ற முகத்தோடு பல் அச்சுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. கதவடியில் கடிதம் வரும் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. இரண்டு நிமிஷ மிக்ஸிக்கே எழுதியவர், இதற்கு எழுதவில்லை என்றால் காயம் எவ்வளவு ஆழம் என்று புரிந்தது. ஒரு வாரம் தாங்கினேன். பிறகு கேசரி கிளறிக்கொண்டு கீழே போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தவர் மன்னிப்பைக் கேட்கவிடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார். "அந்த ஆம்ப்ளிபயரில் ஏழு குமிழ்கள். எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. இருட்டு. நீங்கள் சரியான குமிழை முதல் தொடுதலிலேயே பிடித்தீர்கள். எப்படி?" எனக்கு வந்த ஜெர்மனையெல்லாம் திரட்டி, செஞ்சியையும் மலையையும் நைனாவையும் சாம்பார் வாளியையும் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். அவர் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். பட்டறை இரைச்சல் தின்ற காது. ஊளை பிறக்கும் இடம் அவருக்கு இப்போது கேட்பதில்லையாம். கேட்கும்போது அது கைமீறிப் போயிருக்கிறதாம். "உங்களுக்கு முன்பே கேட்கிறது. நீங்கள் குமிழ்களிடம் உட்காருங்கள். அதை அடக்க வேண்டாம். எனக்காகப் பிடித்துவையுங்கள்" என்றார். உட்காருங்கள் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கேசரித் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு மாடியேறி வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஊளையை அடக்குவது ஒரு கணத்து வேலை. பிடித்துவைப்பது அப்படியில்லை. ஒரு மயிரிழை கூட்டினால் காதைக் கிழிக்கும், ஒரு மயிரிழை குறைத்தால் செத்துப்போகும். முதல் மாதமெல்லாம் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஒலி எழுந்ததும் போய் அடக்கிவிட்டு, யோஹெனின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்ளும். அவர் பொறுமையாக, "இன்னொரு முறை" என்பார். பிறகு ஒரு சனிக்கிழமை அதை விட்டேன். விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டேன். இத்தனை வருஷம் பிறந்த உடனே கழுத்தை நெரித்த சத்தத்துக்குள் என்னென்னவோ இருந்தது. அடியில் ஒரு முனகல், நடுவில் ஒருத்தி பாடுவதுபோல் ஒரு இழை, மேலே சங்கு மாதிரி ஒன்று, மூன்றும் மெதுவாக இடம் மாறிக்கொண்டிருந்தன. இப்போது எங்கள் குழு நோட்டீஸில், வழியும் ஊதா எழுத்தில், யாராலும் படிக்கமுடியாதபடி என் பெயரும் இருக்கிறது. ரேவதி ஏழுமலை, ஒலி.

இதை நைனாவிடம் எப்படிச் சொல்வது? சவுண்டு வேலை பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். குமிழ்களுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கும் போட்டோ அனுப்பினேன். வீடியோ கேட்டார். சத்தத்தை அணைத்துவிட்டு அனுப்பினேன். "சவுண்டே வர்லியேம்மா?" என்றார். "இங்க நெட்டு சரியில்ல நைனா" என்று ஜெர்மன் தொலைத்தொடர்பின் தலையில் பழியைப் போட்டேன். பஜாரில் எல்லோரிடமும் அந்தப் போட்டோவைக் காட்டி, "எம் பொண்ணு ஜெர்மனில ஆப்பரேட்டரு. அவ குந்துனா ஒரு சத்தம் வராது" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததாக முருகன் சொன்னான். நான் எதையும் திருத்தவில்லை.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரே முகூர்த்த நாளில் இரண்டு இடத்தில் செட்டு. முருகன் கல்யாண வேலைக்குப் போய்விட்டான். தளவானூரில் ஒரு காதுகுத்து. நைனாவுக்கு மூட்டுவலி. வண்டியில் சாமான் ஏற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "நீயே குந்து பாப்பா. ஃபாரின்லயே பாக்கற, இது இன்னா பெரிய இது" என்றார். அவ்வளவுதான் விழா. முகம் கழுவி, பொட்டு வைத்து, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டேன். பந்தல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது யாரும் ஒன்றும் பேசவில்லை. ஊர் என்ன பேசும் என்று இருபத்தைந்து வருஷம் பயந்தோமே, அந்த ஊர் பிரியாணி எப்போது என்பதைத் தவிர வேறெதையும் பேசவில்லை. நைனா கொஞ்ச தூரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு அப்படியே மிதக்கிற மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகப் போனது. ஆசாரி ஊசியை எடுத்த நேரம், சீர்வரிசைத் தட்டுகளோடு வந்த தாய்மாமன் உற்சாகம் தாங்காமல் மைக்கைப் பிடுங்கி, "அன்பான உறவினர்களே" என்று பேசிக்கொண்டே நேராக ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். குரலின் வால் நீண்டது. எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால், எப்போதும்போலத் தெரிந்தது. கை குமிழின் மேலேயே இருந்தது. ஊளை எழுந்தது. நான் திருப்பவில்லை. அது ஏறும் விதம் நன்றாக இருந்தது, சாமி சத்தியமாக நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும், அந்த நடு இழை வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை வீறிட்டது. ஆசாரி ஊசியைக் கீழே போட்டார். கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூட்டுவலிக்கார நைனா எப்படி அவ்வளவு தூரத்தைத் தாண்டி வந்தாரோ, என் கையைத் தட்டிவிட்டுக் குமிழைத் திருகினார்.

"உனக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?"

"கேட்டுச்சி நைனா."

"கேட்டுச்சின்னா ஏம்மா நிறுத்தல?"

அவர் திட்டியிருந்தால் தேவலாம். "எழுந்திரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். பந்தியில் ஆள் குறைவு என்று யாரோ கூப்பிட, நான் போய் வாளியைத் தூக்கினேன். கண்ணீர் பிரியாணியில் விழாமல் பரிமாறுவது அப்படியொன்றும் சுலபமில்லை.

லைப்சிக்குக் குளிரில் திரும்பி வந்த வாரம் யோஹென் தேநீருக்குக் கூப்பிட்டார். ஊரில் உட்கார்ந்தீர்களா என்று கேட்டார். காதுகுத்து வீட்டார் குடும்ப குரூப்பில் போட்ட வீடியோ என் போனில் இருந்தது. அதற்குக் கீழே தளவானூர் சனங்கள் வரிசையாகக் காதைப் பொத்தும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தை மட்டும் ஓட்டிக் காட்டினேன். அவர் போனை வாங்கித் தன் நல்ல காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். முகமெல்லாம் மலர்ந்தது. "அருமையாக ஏறுகிறது. ஆனால் மூன்று விநாடிதானே இருக்கிறது" என்றார். பிறகு உண்மையான வருத்தத்தோடு என்னைப் பார்த்து, "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார்.

நைனாவின் கேள்விக்கே நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை போடுங்கள் என்று யோஹென் போனை மேஜைமேல் வைத்தார். போட்டேன். தாய்மாமனின் குரலில் வால் நீண்டதும் என் வலது கை தானாக எழுந்தது. மூன்று விநாடியும் ஓடி முடிகிறவரை அது மேஜைக்கு மேலே, எதையும் தொடாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தது.